மெரான் திறப்பு: ஆனந்தின் ஒரு ஆட்டத்திலிருந்து கற்றது

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுக்காக, செமி ஸ்லாவ் தற்காப்பு என்ற திறப்பின் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) மெரான் வகையைப் பழகி வருகிறேன். வரிசைகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஆட்டத்தை ஆழமாகப் பார்ப்பது மேல் என்று தோன்றியதால், 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் நடந்த டாட்டா ஸ்டீல் போட்டியில், கறுப்புடன் ஆடிய விஸ்வநாதன் ஆனந்த் லெவோன் அரோனியனை 23 நகர்த்தல்களில் வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளை பிஷப் டி3 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) வந்த பிறகே கறுப்பு சி4 சிப்பாயை வெட்டுகிறது. திருப்பி வெட்டும் பிஷப்பை பி5 சிப்பாய் விரட்டுவதால் கறுப்புக்கு ஒரு நகர்த்தல் மிச்சமாகிறது. ஆனால் பி7க்கு வரும் பிஷப்பின் வழியைத் தன் சி6 சிப்பாயே அடைத்து நிற்பதால், அதை சி5க்கு எப்போது தள்ளுவது என்பதுதான் இத்திறப்பின் உயிர்நாடி. அரோனியனின் குதிரை ஜி5க்குப் பாய்ந்து எச்7ஐக் குறிவைத்தபோது, ஆனந்த் அதைக் காக்காமல் சி5 ஆடினார்.

16ஆவது நகர்த்தலில் அவரது குதிரை இ5இல் அமர்ந்ததும், இரண்டு குதிரைகள், ஒரு பிஷப், ஒரு யானை என நான்கு கறுப்புக் காய்கள் ஒரே நேரத்தில் வெட்டுக்கு நின்றன. இ5 குதிரையைச் சிப்பாயால் வெட்டினால், ராணி டி4இல் செக் சொல்ல, ராஜா மூலைக்கு ஒதுங்க, ராணி ஜி1இல் தன்னைப் பலி கொடுக்க, குதிரை எஃப்2க்கு வந்து மேட். இதைப் பலகையில் காய் வைத்துப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

அக்கிபா ரூபின்ஸ்டீன் 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை வென்ற புகழ்பெற்ற ஆட்டத்திலும் ஆனந்தின் ஆட்டத்தைப் போலவே கறுப்பின் இரு பிஷப்புகளும் வெள்ளை ராஜாவை நோக்கி நின்றன. 1924இல் மெரான் நகரப் போட்டியில் குருன்ஃபெல்டுக்கு எதிராக இத்திறப்பை ஆடி அதற்கு அந்தப் பெயர் வரக் காரணமானவரும் அவரே.

உள்ளூர்ப் போட்டியொன்றில் எனக்கும் இதே அமைப்பு கிடைத்தது. எதிராளி குதிரையைப் பாய்ச்சாமல் இ4 தள்ளினார். நான் இ5 என்று பதிலளித்தேன். இ5இல் காய்கள் மாறிய பின் என் பிஷப் நடுவில் நிலைகொள்ள, நிதானமாகச் சி5 ஆடி இ4 சிப்பாயை அழுத்தினேன். ஆட்டம் டிராவில் முடிந்தது. கறுப்புக்கு அது நல்ல முடிவுதான்.

அடுத்து, 8ஆவது நகர்த்தலில் ஏ6 ஆடும் பழைய வழியைப் பார்க்கிறேன். அதில் வெள்ளைக் குதிரை பி5 சிப்பாயை வெட்டும் கிளை இதைவிடச் சிக்கலானது.