சங்கிலியை மீட்ட மாதத்தில் பரங்கிமலை ஏறினோம்

அப்பா பிழைத்து எழுந்தால் தவக்காலத்து வெள்ளியொன்றில் இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப் பாதை ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே பரங்கிமலைப் படிகளை ஏறுவதாக, இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று அம்மா நேர்ந்துகொண்டார். ஈராண்டு தள்ளிப்போன நேர்த்திக்கடன், சென்ற வெள்ளிதான் கைகூடியது. அப்பா ஆட்டோவில் சாலை வழியே முன்னதாக மேலே போய்விட்டார்.

அடிவாரத்திலேயே ஒருவர் மெழுகுவர்த்திக் கட்டை அம்மாவின் கையில் திணித்து, இரட்டிப்பு விலை வாங்கிவிட்டார். படியில் முழந்தாளிட்டவர்களை நகரச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் வேறு. ஜெபிக்க வந்தவர்களுக்கு இடம் விடக்கூடாதா?

நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அம்மாவுக்கு மூட்டுவலி. ஆண்டவர் மூன்றாம் முறை விழும் ஒன்பதாம் நிலையில் அம்மாவும் உட்கார்ந்துவிட்டார். "போதும்மா, இன்னொரு நாள் வரலாம்" என்றேன். பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்க ஜெபத்தைத் தொடர்ந்தார்: "உமது பாரமான திருச்சிலுவையைக் கொண்டு உலகத்தை மீட்டு இரட்சித்தீர்."

சிறுவயது முதல் வாய் பழகிய வரிதான். அன்று 'மீட்டு' என்றதும் என் கண் அம்மாவின் கழுத்துக்குப் போனது. சிகிச்சைக்காக அடகு வைத்த சங்கிலியை இந்த மாதம்தான் மீட்டோம். கொக்கி வளைந்து, கண்ணிகளில் அழுக்கேறி வந்தது. தன்னை மீட்டுக்கொள்ள அது என்ன செய்தது? இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. வட்டியும் முதலும் கட்டியது வேறொருவர். அதன் மதிப்பு ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. நானும் அப்படித்தானே, ஆண்டவரே!

"நீ எந்த நாளில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் தோழி அன்போடு கேட்பாள். தேதி சொல்லத் தெரியாமல் குன்றிப்போவேன். என் விலை கட்டப்பட்டது இயேசு சிலுவையில் மரித்த கல்வாரியில், ஒரு வெள்ளிக்கிழமை; இனி அவளிடம் அதைச் சொல்வேன். அந்த நாளுக்கேற்ப வாழத்தான் எனக்குத் தினமும் அருள் வேண்டியிருக்கிறது.

மேலே, பீடத்தில் அந்தக் கற்சிலுவை. 1547இல் நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது. இயேசுவின் சீடர் தோமையாரே செதுக்கியது என்று முன்னோர் சொல்லிவந்தார்கள். காயத்தில் விரலிடாமல் நம்பமாட்டேன் என்றவர், இந்த மலையில் ஈட்டிக்குத் தம் உடலைக் கொடுத்தார். "நீரே என் ஆண்டவர்" என்று தொடங்கினேன். அழுகை முந்திக்கொண்டது.

வெளியே வந்ததும் அந்த மெழுகுவர்த்திகளை அம்மாவிடமிருந்து வாங்கி அப்பாவே ஏற்றினார். காற்று இரண்டு முறை அணைத்தது. மூன்றாம் முறை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தார். கை நடுங்கவே இல்லை. தோத்திரம், ஆண்டவரே.