ஒரு மணி இருபது நிமிடத்தில் பாரிஸ்

அத்தானுடைய கணக்கில் லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து பாரிஸ் லா சப்பல் ஒரு மணி இருபது நிமிடத் தூரம். ஹீத்ரோவுக்கும் சார்ள் து கோல் விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 350 கிலோமீற்றர்தான், அது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் வீதியைவிடக் குறைவு என்று சொல்லி, சனிக்கிழமைச் சாமத்திய வீட்டுக்கு எல்லோருக்கும் விமானச் சீட்டு எடுத்துவிட்டார். ஈஸ்ட்ஹாமில் ஏறினால் வண்டி மாறாமலே சென் பான்கிராஸில் இறங்கலாம், அங்கிருந்து யூரோஸ்டார் தொடருந்து இரண்டேகால் மணித்தியாலத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் விட்டுவிடும், மிச்சம் நடை என்று அக்கா சொன்னதை அவர் கேட்கவில்லை. "இரண்டேகால் பெரிதா, ஒன்றேகால் பெரிதா? தம்பி, நீரே சொல்லும்" என்று என்னைப் பார்த்தார். அத்தானிடம் கணக்கில் வாதாடுகிற துணிவு எனக்கு இல்லை.

வழியில் ஒரு பிழையும் நடக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. விமானம் சொன்ன நேரத்துக்கே புறப்பட்டது. ஆகாயத்தில் நின்றது ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அதற்காக நாங்கள் விடியப்புறம் நாலேகாலுக்கே வெளிக்கிட்டு, அக்காவின் மாங்காய் ஊறுகாய்ப் போத்தல்களைக் கையில் கொண்டுபோக முடியாததால் பெட்டியை ஒப்படைத்து, சப்பாத்தையும் இடுப்புப் பட்டியையும் கழற்றி மாட்டி, இறங்கியபின் ஐரோப்பிய ஒன்றியத்தார் விறுவிறென்று போவதைப் பார்த்தபடி கடவுச்சீட்டு வரிசையில் நின்று, பெட்டி சுற்றி வரும்வரை காத்திருந்து, கடைசியில் நகருக்குப் போகும் ஆர்.இ.ஆர். பி தொடருந்து பிடித்தோம். அந்த வண்டி எங்களை இறக்கியதும் அதே கார் து நோரில்தான்! மண்டபத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டுக்குக் கிட்ட. பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து முடிந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் வீட்டைவிட்டு வெளிக்கிட்டு யூரோஸ்டாரில் வந்த சின்ன மாமி குடும்பம் பலகாரம் தின்றுகொண்டிருந்தது.

அதற்கும் அத்தானிடம் பதில் இருந்தது. பாரிஸ் நேரம் ஒரு மணித்தியாலம் முந்தியது, ஆகவே அந்த ஒரு மணித்தியாலம் பிரான்சுக்காரன் எடுத்தது, தன் கணக்கில் வராது என்றார். திரும்பும்போது அதே கடிகார வித்தையால் ஒரு மணிக்குப் புறப்பட்டு ஒன்றேகாலுக்கு லண்டனில் இறங்கினோம். அன்றிலிருந்து பாரிஸ்–லண்டன் பதினைந்து நிமிடம் என்று கோயிலில் காண்பவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறார். 1919 ஆகஸ்டில் லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து பாரிஸ் லு பூர்ஜேக்கு நாளாந்த விமான சேவை தொடங்கியபோது பறப்பு நேரம் சுமார் இரண்டரை மணித்தியாலம், இன்றைய தொடருந்து அதைவிடச் சற்று வேகம் என்று மருமகன் சொன்னதற்கு, "அப்போதும் சனம் விமானத்தில்தானே போனது" என்று வாயை அடைத்துவிட்டார்.

இந்தப் பிடிவாதம் ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். தொண்ணூறுகளில் அவர் இந்தக் கடலைக் கடந்தது லொறி ஒன்றின் பின்பக்கத்தில், பெட்டிகளுக்கு இடையில். எங்கே தரை முடிந்தது, எங்கே கடல் தொடங்கியது என்றே தெரியாது என்றாள். அதனால்தான் யன்னலோரச் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறார். சனிக்கிழமை முழுக்க முகில். ஒரு துளிக் கடலும் தெரியவில்லை.

மார்கழியில் மறுபடியும் போக இருக்கிறோம். யன்னலோரமாகவே எடுத்திருக்கிறார். ஊறுகாயும் நானும் தொடருந்தில் போகிறோம்.