கப்பி வாலின் சிவப்பு: மீன்தொட்டிப் படங்களுக்கு ரோவா, ஜேபெக்கா?

கோண்டாவில் வீட்டு விறாந்தையில் 2 அடி மீன்தொட்டி வைத்து இரண்டு வருடமாகிறது. கப்பியும் மொலியும்தான் வளர்க்கிறேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கடினமானது. அதில் இந்த இரண்டும் நன்றாகவே பெருகும். படம் எடுக்கத் தொடங்கியது இந்த வருடம்தான். கைமாறி வந்த ஒரு 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அவ்வளவுதான்.

முதல் மாதம் முழுக்க ஜேபெக்கில், அதாவது கமராவே நிறம் திருத்திச் சுருக்கித் தரும் கோப்பில் எடுத்தேன். ஒரு பின்னேரம் அம்மா மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்கட மீன் இந்த நிறமே? தண்ணிக்குள்ள ஆரோ நாவல்பழத்தைக் கரைச்சு விட்ட மாதிரிக் கிடக்கு" என்றார். உண்மைதான். செடிகளுக்காக வாங்கிய எல்ஈடி லைற்றில் சிவப்பும் நீலமும் தூக்கல். நம் கண் கொஞ்ச நேரத்தில் அதற்குப் பழகிவிடும், கமராவின் சென்சர் பழகாது.

கமரா திருத்தாமல் சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்புக்கு ரோ என்று பெயர். அன்றிலிருந்து ஐந்து கிழமை, ஒவ்வொரு படத்தையும் ரோ, ஜேபெக் இரண்டுமாகச் சேமிக்கும்படி கமராவை வைத்து எடுத்தேன். ஒரே மீன், ஒரே கணம், இரண்டு கோப்பு. வேறு எப்படியும் ஒப்பிட முடியாது. மீன் அதே இடத்தில் அதே மாதிரி வாலை விரித்துக்கொண்டு இன்னொரு தடவை நிற்காது.

முதல் கிழமை நிறத்தோடு போனது. ஜேபெக் என்றால் எது வெள்ளை என்பதைக் கமரா அந்த இடத்திலேயே தீர்மானித்துப் படத்துக்குள் கலந்துவிடுகிறது. ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிதான். பிழையாக வந்த நிறத்தைப் பிறகு இழுத்துத் திருத்தப் போனால் பின்னணி பட்டை பட்டையாக உடைகிறது. ரோவில் சென்சர் கண்ட அளவு அப்படியே இருக்கும். என் கமராவில் அது 14 பிட், 16,384 படி. வெள்ளைச் சமநிலை அதில் ஒரு குறிப்பாக மட்டுமே கூட வருகிறது, பிறகு விரும்பியபடி மாற்றலாம். வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியைத் தொட்டிக்குள் இறக்கி ஒரு படம் எடுத்தேன். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கரண்டியைக் குறித்துக் காட்டியதும் நாவல்பழ நிறம் போய்விட்டது. அதே அளவை அன்று எடுத்த மற்றப் படங்களுக்கும் போட்டேன்.

அதோடு ரோதான் என்று முடித்திருப்பேன். ஆனால் அதே கரண்டிப் படத்தைக் கமராவுக்கே வெள்ளையின் அளவாகக் கொடுத்துவிட்டு எடுத்துப் பார்த்தபோது, ஜேபெக்கும் முக்கால்வாசி சரியாக வந்தது. நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஜேபெக்கிலேயே சமாளிக்கலாம்.

என்னை ரோவின் பக்கம் இழுத்தது சிவப்புக் கப்பியின் வால். ஜேபெக்கில் அந்த வால் ஒரு குங்குமப் பொட்டு மாதிரி, ஒரே சிவப்பாக அப்பிப் போய் இருந்தது. வாலுக்குள் ஓடும் நரம்புக் கோடுகள் ஒன்றும் இல்லை. இருட்டாக்கிப் பார்த்தேன், சிவப்பு மங்கியதே தவிரக் கோடு வரவில்லை. சிவப்பு அதன் உச்சத்தில் முட்டி நின்றுவிட்டது, அதற்குள் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ரோ கோப்பில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன். ஒவ்வொரு கோடும் வந்தது, வாலின் ஓரத்தில் இருந்த சிறு கிழிசல் உட்பட. அந்தக் கிழிசலை நான் தொட்டியில் கவனித்ததே இல்லை.

இதில் பிடிபட நாளெடுத்த விசயம் ஒன்று உண்டு. கமராத் திரையில் ஹிஸ்டோகிராம் என்று ஒரு வரைபடம் வரும், படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும். அது ரோவைக் காட்டுவதில்லை. கமரா தனக்குள் உருவாக்கும் ஜேபெக்கைப் பார்த்துத்தான் அதை வரைகிறது. திரையில் சிவப்பு வலப்பக்கச் சுவரில் ஏறி நின்றாலும் ரோவுக்குள் இன்னும் இடம் இருக்கலாம். தெரியாமல் இரண்டு கிழமை படங்களைத் தேவைக்கு மேல் இருட்டாக எடுத்திருக்கிறேன். பிறகு பட அமைப்பை நியூட்ரலுக்கு மாற்றினேன். கடும் நிறமும் கடும் கொன்ட்ராஸ்டும் இல்லாததால் ஹிஸ்டோகிராம் இப்போது உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

செதிலிலும் வித்தியாசம் தெரிந்தது. ஃபிளாஷ் இல்லாமல் 1/160, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200 என்று எடுக்கும்போது படத்தில் மணல் மாதிரிப் புள்ளிகள் விழும். ஜேபெக்கில் கமரா அந்தப் புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று செதில்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ரோவில் எவ்வளவு துடைப்பது என்பது என் கையில்.

ஜேபெக் வென்ற நாளும் இருக்கிறது. நான்காம் கிழமை மொலி குஞ்சு போட்டது. இரண்டு கோப்பாகச் சேமித்துக்கொண்டிருந்த கமரா ஆறு, ஏழு படத்தோடு மூச்சு வாங்கத் தொடங்கியது. அது எழுதி முடிக்கும்வரை விரலை அழுத்திக்கொண்டே இருக்க, மூன்று குஞ்சு வெளியே வந்து செடிக்குள் ஒளிந்துவிட்டன. அவசரமாக ஜேபெக்குக்கு மாற்றினேன், அதன் பிறகு தடங்கல் இல்லை. குஞ்சு வந்து விழும் கணம் என்னிடம் இருப்பது அந்த ஜேபெக்கில்தான். நிறம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் அதை அழிக்க மாட்டேன்.

இடமும் பார்க்க வேண்டும். ஒரு பின்னேரத்துக்கு 300 படம், இரண்டு கோப்பும் சேர்ந்து படத்துக்கு 35 எம்பி அளவில் வரும். 32 ஜிபி கார்ட் மூன்று நாளில் நிரம்பிவிடுகிறது.

எதில் எடுத்தாலும் மாறாதவையும் உண்டு. கண்ணாடியில் படியும் சுண்ணாம்பு வெள்ளையைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து எடுக்காவிட்டால் எல்லாப் படமும் புகை. லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக, ஒட்டினாற்போலப் பிடிக்க வேண்டும். சரித்தால் மீனின் ஓரத்தில் நிறம் பிரியும். ஷட்டரை 1/500க்கு ஏற்றியபோது படத்தின் குறுக்கே கோடுகள் விழுந்தன. லைற்றை மங்கலாக்கி வைத்திருந்ததுதான் காரணம், முழு வெளிச்சத்துக்கு ஏற்றியதும் போய்விட்டன.

இப்போது இரண்டு கோப்பாகச் சேமிப்பதை விட்டுவிட்டேன். வாலும் செதிலும் தெரிய வேண்டிய படம் என்றால் ரோ மட்டும். குஞ்சுகள் வளர்வதை ஒவ்வொரு ஞாயிறும் பதிந்து வைப்பதற்கு, கரண்டியால் வெள்ளையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஜேபெக்.

கறுப்பு மொலிதான் இன்னும் சரிவரவில்லை. ரோவில் நிழலைத் தூக்கினால் கண் தெரிகிறது, கூடவே உடம்பு முழுக்கப் புள்ளி. வெளிச்சமே போதவில்லை. அடுத்த கிழமை தொட்டிக்கு மேலே ஃபிளாஷை வைத்து, வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டில் பட்டுக் கீழே இறங்கும்படி எடுத்துப் பார்க்கப் போகிறேன்.