சிஜே-5 ஜீப்புக்கு சாஃப்ட் டாப்: தப்பாக வந்தது ஒன்று, தப்பாகப் போட்ட துளை நான்கு

எங்கள் சிஜே-5 ஜீப்புக்கு முதலில் வந்த சாஃப்ட் டாப்பை, அதாவது கழற்றி மாட்டும் துணிக் கூரையை, திருப்பி அனுப்பி, இரண்டாவதை வரவழைத்துப் பொருத்தி முடித்தாயிற்று. துணியைத் தாங்கும் வளைகம்பி நிறுத்துவது, துணி இழுப்பது, பட்டன் அடிப்பது எல்லாம் சேர்த்து வேலை இரண்டே நாள்தான். வாரக்கணக்கில் இழுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: வண்டிப் புத்தகத்தில் இருந்த ஆண்டை நம்பி ஆர்டர் கொடுத்தது.

சிஜே-5 என்பது 1955 முதல் 1983 வரை வந்த மாடல். ஆனால் சாஃப்ட் டாப் கணக்கில் அது ஒரே வண்டி அல்ல. 1975 வரை ஒன்று, 1976 முதல் வேறொன்று. 1976இல் பாடியின் வடிவம் மாறியது. முன்கண்ணாடி சட்டமும் அது சாய்ந்து நிற்கும் கோணமும் மாறின. கோணம் மாறினால் சட்டத்தின் மேல்விளிம்பு இருக்கும் இடமே மாறிவிடுகிறது. அதனால் பழையதற்குத் தைத்த துணி புதியதில் உட்காராது. எவ்வளவு இழுத்தாலும் உட்காராது.

ஆளைக் குழப்புவது 1972. அந்த ஆண்டுதான் வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்) 81 அங்குலத்திலிருந்து 83.5 அங்குலம் ஆனது, பானெட்டும் நீண்டது. "நீள பானெட் என்றால் புது மாடல் டாப்" என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. தப்பு. நீண்டது மூக்குப் பக்கம். 1972 முதல் 1975 வரை வந்த வண்டிக்கு நீள மூக்கு இருந்தாலும் டாப் பழைய வகைதான்.

எங்கள் வண்டி அதற்கும் ஒரு படி மேல். புத்தகத்தில் 1974. பாடியையும் கண்ணாடி சட்டத்தையும் முன்பு யாரோ 1976க்குப் பிந்தைய வகையாக மாற்றியிருக்கிறார்கள். விற்பவர் ஆண்டை மட்டும்தான் கேட்டார், சொன்னோம், அந்த ஆண்டுக்கு உரியது வந்தது. முன்விளிம்பு சட்டத்தில் ஏறிவிட்டது, பின்மூலை இரண்டு விரற்கடை எட்டவில்லை. போன் செய்தால், "நீங்கள் சொன்ன ஆண்டுக்குத்தானே அனுப்பினோம்" என்ற ஒரே பதில். திருப்பி அனுப்பும் கூலியும் நம் தலையில்தான். பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் பாகம் மாறியவைதான் என்று தெரிந்தே இந்த வியாபாரத்தில் இருப்பவர், கண்ணாடி சட்டத்தை ஒரு போட்டோ கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே ஆண்டைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள். கண்ணாடி சட்டத்தின் மேல்விளிம்பு நடுவிலிருந்து பாடியின் பின்விளிம்பு நடு வரை ஒரு அளவு. கண்ணாடி சட்டத்தின் அகலம். கதவுக்குப் பின்னால் பாடியின் அகலம். பாடி விளிம்பிலிருந்து வளைகம்பியின் உச்சி வரை உயரம். இவற்றோடு கண்ணாடி சட்டத்தின் கீல், கதவு வாய், டெயில்கேட் (பின்கதவு) மூன்றுக்கும் போட்டோ. ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பி) மாற்றியிருந்தால் அதையும் அளந்து சொல்ல வேண்டும். ஒரிஜினலை விட உயரமான ரோல் பாரில் துணி உரசினால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

இன்னொரு பொறி: "முழு செட்" வேறு, "துணி மட்டும்" வேறு. துணி மட்டும் என்றால் வளைகம்பி, பிராக்கெட், கதவுச் சுற்றுச் சட்டம் எதுவும் வராது. எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும், அதுவும் அதே கம்பெனியின் வகையாக இருக்க வேண்டும். இரண்டாவது ஆர்டரில் இதைக் கடைசி நிமிடத்தில்தான் கவனித்தோம். துணிக் கதவும் அப்படித்தான். ஒரு கம்பெனியின் கதவு இன்னொரு கம்பெனியின் டாப்போடு சேருவது அரிது.

துணி விஷயத்தில் என் முடிவு: தினமும் வெளியில் நிற்கிற வண்டிக்கு ரெக்சின் போதும். துடைத்தால் சுத்தமாகிவிடும், தண்ணீரை விடாது. குளிரில் விறைப்பதும், வெயிலில் தளர்வதும் அதன் குணம். நூல் கேன்வாஸ் பார்க்க அழகு. நனைந்தால் இழை ஊதி அடைத்துக்கொள்ளும், ஆனால் சுருங்கவும் செய்யும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். வெளியே அக்ரிலிக், நடுவில் ரப்பர், உள்ளே பாலியஸ்டர் என்று மூன்று அடுக்காக வரும் துணிதான் மூன்றிலும் மேல், சத்தமும் குறைவு. எதை வாங்கினாலும் தையல் நூல் எது என்று கேளுங்கள். நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் வேண்டும். துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுப்போன டாப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

பொருத்தும் நாளில் முதல் வேலை துணியைத் தொடாமல் இருப்பது. முன்கண்ணாடி சட்டம் முழுதாக நிமிர்ந்து பூட்டியிருக்கிறதா, அடி ரப்பர் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் ஒரு பக்கம் தூக்கி நின்றால் அந்தக் கோணல் பின்மூலையில் சுருக்கமாக வந்து நிற்கும். பிறகு வளைகம்பி. கண்ணாடி சட்டத்தின் இடது மூலையிலிருந்து கம்பியின் வலது முனை, வலது மூலையிலிருந்து இடது முனை என்று குறுக்கே அளக்க வேண்டும். எங்களுக்கு 12 மி.மீ. வித்தியாசம் வந்தது. ஒரு பிராக்கெட் வளைந்திருந்தது. கழற்றி நிமிர்த்தியதும் 2 மி.மீ.க்குள் வந்துவிட்டது.

துணியைக் குறைந்தது 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் இழுக்க வேண்டும். ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப்போட்டால் மடிப்புகளும் போய்விடும். அதற்காக முரசு போல இழுத்துக் கட்டிவிடாதீர்கள். சூட்டில் முழு இழுப்பில் பட்டன் வைத்தால், குளிர்ந்த காலையில் துணி இறுகி ஒரு பட்டனும் சேராது.

வரிசை இதுதான். பின் ஜன்னல், பக்க ஜன்னல் ஜிப்புகள் எல்லாவற்றையும் முதலிலேயே மூடிவிட வேண்டும். திறந்து வைத்து இழுத்தால் அகலம் கூடிவிடும், பிறகு ஜிப் சேராது. துணியின் நடுவிலும் சட்டத்தின் நடுவிலும் மாஸ்க்கிங் டேப்பில் கோடு. முன்விளிம்பின் கயிற்றை சட்டத்தின் மேல் உள்ள சேனலுக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பக்கவாட்டில் நுழைத்துத் தள்ள வேண்டும். சேனலில் பெயின்ட் கட்டியிருந்தால் நகராது, சுரண்டிவிட்டு மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். பின்பக்கம் நடுவை முதலில் பிடித்து, இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாறி மாறி மூலைக்குப் போக வேண்டும். எல்லாம் கிளிப்பில்தான். இன்னும் துளை கிடையாது.

இங்கேதான் நான்கு துளை வீணானது. பின்பக்கம் அழகாக அமர்ந்துவிட்டது என்ற தைரியத்தில் பக்கவாட்டில் பிரஸ் பட்டனுக்குத் துளை போட்டுவிட்டோம், கதவுகளை மாட்டிப் பார்க்காமல். கதவை மாட்டி மூடியபோது மேல் பின்மூலையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. பக்கத் துணி கதவுச் சுற்றுச் சட்டத்தைப் பின்னால் இழுத்துவிட்டிருந்தது. நான்கையும் ரிவெட் அடித்து, எபாக்சி பூசி, பெயின்ட் வைத்து மூட வேண்டியதாயிற்று. இரண்டு கதவையும் மாட்டி, மூடி, ரப்பர் சுற்றிலும் படுகிறதா என்று பார்த்த பிறகே டிரில்லைக் கையில் எடுங்கள். ஓர் இரவு கிளிப்பிலேயே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. துணி மறுநாள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பழைய துளைகள் பாடியில் இருந்தால் ஆசைப்பட வேண்டாம். அவை பழைய டாப்புக்குப் போட்டவை.

துளை எங்கே என்று குறிப்பதற்கு ஒரு நல்ல வழி: துணியில் இருக்கும் பட்டன் குழியில் சாக்பீஸ் பொடியைக் குழைத்துத் தடவி, துணியை இழுத்துப் பாடியில் அழுத்தினால் வட்டமாக அச்சு விழும். அந்த வட்டத்தின் நடுவிலிருந்து இழுப்பின் திசையில் 3 மி.மீ. தள்ளிப் பஞ்ச் (குறி குத்தும் கூரிய கருவி) வைத்தோம். பட்டனின் அடிப்பாதியைப் பாடியில் பிடிக்கும் 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3.2 மி.மீ. பிட். வெட்டுப்பட்ட இரும்பில் ஜிங்க் பிரைமர் ஒரு தொடு, காய்ந்த பிறகு ஸ்க்ரூ. அதைக் கையால்தான் முறுக்க வேண்டும். மெல்லிய தகட்டில் மெஷின் பிடித்தால் மரை போய்விடும். பட்டனைக் கழற்றும்போதும் துணியைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்கு அடியில் விரலையோ தட்டையான கட்டையையோ கொடுத்து எழுப்புங்கள்.

வளைகம்பி துணியைத் தொடும் இடமெல்லாம் ஃபெல்ட் ஒட்டினோம். பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மென்மையான சோப்புத் தண்ணீர் மட்டும்; அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் மங்கிவிடும். முக்கியமான எச்சரிக்கை: பின் ஜன்னலை மட்டும் சுருட்டிவிட்டு ஓட்டாதீர்கள். வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புகை உள்ளே இழுக்கப்படும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். பின்பக்கம் திறந்தால் முன்பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஹோஸ் பிடித்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் அடித்தோம். தையல் ஓரங்களில் சீலர் இரண்டு மெல்லிய பூச்சு ஏற்கெனவே கொடுத்திருந்ததால் அங்கே ஒரு துளி இல்லை. கண்ணாடி சட்டத்தின் இடது மேல்மூலையில், சேனல் முடியும் இடத்தில் மட்டும் சொட்டியது. விரல் நீளத்துக்கு ஃபோம் துண்டு ஒன்றைச் செருகியதும் அதுவும் நின்றுவிட்டது.