தரங்கம்பாடியில் பன்னிரண்டு பிரேம்

சித்தப்பா மாயவரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கடையை மூடியபோது என் பங்குக்கு வந்தது யாஷிகா மேட் 124ஜி என்ற ஒரு ஃபிலிம் கேமரா, ஃபிலிம் கழுவும் ஒரு டெவலப்பிங் டேங்க், ஒரு தெர்மாமீட்டர். கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்து ரொம்ப நாளாகிறது. அதற்குப் போடும் மெர்குரி பேட்டரி இப்போது வருவதில்லை. வெளிச்சத்தைக் கண்ணால்தான் அளக்கிறேன். அவர் அதில் எடுத்தது கல்யாணமும் காதுகுத்தும். நான் கல்லறை எடுக்கிறேன். "விடிஞ்சும் விடியாம அங்கேயாடா போவே?" என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.

விடிகாலையில்தான் போக வேண்டும். தரங்கம்பாடியில் சூரியன் கடலிலிருந்து வருகிறது. டேனிஷ்காரர்கள் 1620இல் வந்து கோட்டை கட்டி, 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். செத்தவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். உச்சி வெயிலில் அந்தக் கற்களில் ஒன்றும் தெரியாது, உப்புக்காற்று தின்ற வெறும் பலகைதான். தாழ்ந்த வெயில் கல்லை உரசிக்கொண்டு போகிற ஒரு மணி நேரம், எழுத்துப் பள்ளங்களில் நிழல் தேங்கும். அப்போது ஒரு 1, அடுத்து ஒரு 7. மீதி இலக்கத்தைக் காற்று தின்றுவிட்டது. இதை கலரில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பச்சைப் பாசிதான் முன்னால் வந்து நிற்கும். கருப்பு வெள்ளையில் எழுத்து வருகிறது.

யாஷிகாவில் குனிந்துதான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். தெரியாத பாஷை, அதுவும் திரும்பி. எந்த எழுத்து எங்கே முடிகிறது என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே வெயில் ஏறிவிடும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்பதால் அவசரமும் கூடாது.

சிலர் எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இருநூறு வருஷக் காற்று மிச்சம் வைத்ததை நாம் உதிர்ப்பதா? சுண்ணாம்பு அடித்த சிலுவைக்கு மட்டும் மஞ்சள் ஃபில்டர் போடுகிறேன். இல்லாவிட்டால் வெளுத்த வானத்தில் அது கரைந்துபோகும்.

கழுவுவதுதான் தொல்லை. எச்பி5 ஃபிலிமை டி-76 டெவலப்பர் மருந்தில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரிக்கு 11 நிமிஷம். எங்கள் தொட்டித் தண்ணீர் சித்திரையில் 32 டிகிரி. முதல் ரோலை அதிலேயே அதே 11 நிமிஷம் விட்டேன். கல், வானம், சிலுவை எல்லாம் நெகட்டிவ்வில் ஒரே கரி. இப்போது மீன்கடையில் ஐஸ் கட்டி வாங்கி வந்து, அலசுகிற தண்ணீரையும் சேர்த்துக் குளிர வைக்கிறேன். வாளியில் வஞ்சிர வாசனை. "கல்லறை, மீன், ஹைப்போ மருந்து, இதோட என் பாத்ரூமுக்குள்ளே வராதீங்க" என்பது வீட்டுச் சட்டம்.

போன முறை ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க ஆளுங்களா தம்பி?"

"இல்லீங்கம்மா."

"பின்ன எதுக்கு?"

எங்கள் ஆட்களுக்குக் கல் கிடையாது. தாத்தாவைக் காவிரிக் கரையில் எரித்தோம். மறுநாள் பூம்புகாரில் கரைத்தோம். சித்தப்பாவையும் அப்படித்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் அங்கேயும் போனேன். ஆறு எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, மூடியைத் திறக்காமல் திரும்பிவிட்டேன். இதையெல்லாம் அந்த ஆட்டுக்கார அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "சும்மா, பழசு பிடிக்கும்" என்றேன்.

"அப்ப இவளையும் ஒண்ணு எடு" என்றார். படுகல் மேல் ஏறி நின்ற கருப்பு ஆட்டுக்குப் பன்னிரண்டாவது பிரேம் போனது. ரோலிலேயே கூர்மையாக வந்தது அதுதான். ஆட்டின் குளம்புக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து வேறு தெரிகிறது. பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.