திடீர் செவித்திறன் இழப்பு: சர்க்கரை நோயாளியாக நான் பெற்ற சிகிச்சை

இடது காது ஒரே இரவில் கேளாமல் போய், உள்ளே ஓயாத இரைச்சலும் சேர்ந்துகொண்டதால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். அழுக்கோ சளியோ இல்லை என்று பார்த்தபின், அவர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்து, ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று வினவினார். வலப்பக்கம் என்றேன். அடைப்பினால் வந்த குறையாயின் அடைத்த காதிலேயே உரக்கக் கேட்டிருக்கும் என்பதால், கோளாறு உட்செவியில்தான் என்று அவர் கணித்தார். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த 3 அதிர்வெண்களிலாவது 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் திறன் குறைந்தால் அது திடீர் செவித்திறன் இழப்பு. செவித்திறனை அளந்து வரையும் ஆடியோகிராம் பரிசோதனை எனக்கு அதை உறுதிசெய்தது.

எனக்கு நெடுநாளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. உட்செவிக்கு ரத்தம் செலுத்தும் தமனி மிக மெல்லியது, அது அடைபட்டால் மாற்றுவழியும் கிடையாது. ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றின் மீது சந்தேகம் விழுவது இயல்பே. ஆயினும், பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று உறுதியாவதில்லை என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. "காரணத்தைத் தேடி இந்த ரத்தப் பரிசோதனைகளை எழுதவில்லை, இதற்கு மருந்தாக ஸ்டீராய்டு தருவதற்கு முன் சர்க்கரை எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும்" என்றார்.

சிக்கலே அங்குதான் இருந்தது. கிலோவுக்கு 1 மி.கி. என்ற கணக்கில், நாளுக்கு 60 மி.கி. வரை தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை எகிறவைக்கும், கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எனது எச்.பி.ஏ.1சி அளவோ ஏற்கெனவே உயர்ந்திருந்தது. தாமதித்தாலும் பலன் குறையும் என்பதால், செவிப்பறை வழியாக நடுக்காதிலேயே ஸ்டீராய்டு ஊசி போட முடிவாயிற்று. செவிப்பறையை மரத்துப்போகச் செய்தபின் வலி பொறுக்கக்கூடியதாகவே இருந்தது. மருந்து இறங்கியபோது மட்டும் கட்டில் சுழல்வதுபோல் சற்று நேரம் தலைசுற்றியது. அதன்பின் அரைமணி நேரம் காதை மேல்நோக்கி வைத்து, எச்சில்கூட விழுங்காமல் படுத்திருக்கவேண்டும், ஏனெனில் விழுங்கினால் மருந்து தொண்டைக்குள் வழிந்துவிடும். ஊசியைவிட இதுவே எனக்குக் கடினமாக இருந்தது.

செவிநரம்பில் கட்டி இல்லை என்பதை எம்.ஆர்.ஐ. தெளிவாக்கியது. சர்க்கரை மருத்துவர் மாத்திரைகளை மாற்றி, கொழுப்புக்கும் மருந்து தொடங்கினார். இவை காதை மீட்பதற்கல்ல, இதயத்துக்கும் மூளைக்கும் என்றே சொல்லித் தந்தார். தாழ்ந்த ஒலிகள் பெருமளவு திரும்பிவிட்டன. கீச்சொலிகள் அந்தக் காதில் இன்னும் எட்டவில்லை. காது கேட்கும் கருவி தேவையா என்பதை அடுத்த ஆடியோகிராமைப் பார்த்து முடிவுசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.