மேட்ச் எத்தனை மணிக்கு முடியும் டீச்சர்?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் ஆட்டம் என்றால் எங்களுக்கு மூன்று பஸ். ஊரிலிருந்து உசிலம்பட்டிக்கு டவுன் பஸ். அங்கிருந்து செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வழியாக ஆரப்பாளையத்துக்கு ரூட் பஸ். ஆரப்பாளையத்திலிருந்து கோரிப்பாளையம் தாண்டித் தல்லாகுளத்துக்கு இன்னொரு டவுன் பஸ். அப்புறம் நடை. பயிற்சியைப் பற்றியும் வெற்றி தோல்வியைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் போக்குவரத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஒரு பெண் பிள்ளை பத்தாம் வகுப்பு தாண்டியும் ஆடுவாளா, பாதியில் நின்றுவிடுவாளா என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. அதிலும் திரும்பி வருவது.

போவது அவ்வளவு சிரமமில்லை. விடிவதற்கு முன்னால் முதல் பஸ். உசிலம்பட்டிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிற மூட்டைகள் படிக்கட்டு வரை அடுக்கியிருக்கும். பூக்காரம்மாக்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இடுக்கி உட்கார வைத்துக்கொள்வார்கள். "எந்த ஊருக்கு ஆத்தா ஆடப் போறீக?" என்று கேட்பார்கள். இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் அது விடியப் போகிற இருட்டு என்பதால் எந்த வீட்டிலும் பயப்படுவதில்லை.

கிளம்புவதற்கென்று எங்களுக்குச் சில வழக்கங்கள் உண்டு. ஜெர்சிக்கு மேலே பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். சீருடையைப் பார்த்தால் டிரைவர் நிறுத்துவார், கண்டக்டரும் கொஞ்சம் தன்மையாகப் பேசுவார். வண்ண ஜெர்சியில் ஒரு கூட்டமே நின்றால் சில வண்டிகள் தள்ளிப் போய் நிற்கும், சில நிற்காமலே போய்விடும். பந்துகளில் காற்றை இறக்கித் தட்டையாக மடித்துப் பைக்குள் வைத்துவிடுவோம். ஊதிய பந்து வலையோடு பஸ் ஏறினால் இரண்டு ஆள் இடம் போய்விடும், அதற்கே சண்டை வரும். மைதானம் போனதும் ஊசியை நனைத்துச் செருகிக் கைப்பம்பில் காற்றடிப்பது மாற்று ஆட்டக்காரர்களின் வேலை. அடியில் ஸ்டட்ஸ் என்கிற குமிழ்கள் உள்ள பூட்ஸோடு படியில் ஏறவே கூடாது. பஸ்ஸின் தகரத் தரையில் அது வழுக்கும். காலில் செருப்பு, பூட்ஸ் லேஸைக் கட்டிக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும்.

ஒவ்வொரு முறை ஏறியதும் இறங்கியதும் எண்ணிக்கை எடுப்போம். தலையை எண்ண மாட்டேன். ஜெர்சி நம்பரை அவர்களே வரிசையாகச் சொல்ல வேண்டும். தலையை எண்ணினால் ஒரு ஆள் குறைகிறது என்று மட்டும்தான் தெரியும். நம்பர் சொன்னால் விட்டுப்போனது யார் என்று உடனே தெரிந்துவிடும். ஒன்றாம் நம்பர், அதாவது கோல்கீப்பர், கடைசியாக ஏற வேண்டும், கடைசியாக இறங்க வேண்டும். மற்றவர்கள் ஏறிவிட்டார்களா என்று பின்னாலிருந்து பார்ப்பது அவள் பொறுப்பு. ஆட்டத்திலும் அவள்தானே பின்னால் நின்று எல்லோரையும் பார்க்கிறாள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்களைப் போன்ற அணிகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை வெளியில் இருப்பவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று பஸ்ஸில் இரண்டு இப்போது இலவசம். நடுவில் வரும் ரூட் பஸ்ஸுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும். மாணவர் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில்தான் செல்லும். ஆரப்பாளையம் வண்டியில் அதைக் காட்ட முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மேட்ச் நாளில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம்தான் காரணம். மாதவிலக்கு நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மதுரை வெயிலில், தண்ணீர் குடிக்காமல் வந்த பிள்ளையை ஓடவிட்டால் இரண்டாம் பாதியில் காலில் சதை இழுத்துக்கொண்டு விழுவாள். பார்ப்பவர்கள் 'ஸ்டாமினா பத்தல' என்பார்கள். அதனால் எந்த பஸ் ஸ்டாண்டில் எந்தக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, தல்லாகுளத்தில் யாரிடம் கேட்டால் உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மற்ற பள்ளி டீச்சர்களுக்கும் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். நாங்கள் சந்தித்தால் முதலில் பேசுவது இதைத்தான்.

சரி, திரும்பி வரும் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் உசிலம்பட்டியிலிருந்து இரவு எட்டரைக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏழு மணிக்கு முன்னால் ஆரப்பாளையத்தில் வண்டி ஏறியிருக்க வேண்டும். சாயங்கால நெரிசலில் கோரிப்பாளையத்தைத் தாண்டி ஆரப்பாளையம் வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மேம்பால வேலை நடந்த நாட்களில் அதுவும் போதவில்லை. ஆக, ஐந்தரைக்கு மைதானத்தை விட்டு வெளியே வந்தால்தான் நாங்கள் ஊர் சேர முடியும். ஐந்தரைக்கு வெளியே வர, ஐந்து மணிக்குள் கடைசி விசில் ஊத வேண்டும். பிள்ளைகள் முகம் கழுவி, சீருடை மாற்றி, ஒரு வாழைப்பழமாவது சாப்பிட அரை மணி நேரம் வேண்டாமா?

காலை ஒன்பது மணி என்று போட்டிருக்கும் தொடக்க விழா, விருந்தினர் வந்து பத்தரைக்குத்தான் முடியும். மைதானம் ஒன்று, அணிகள் பல. ஒரு ஆட்டம் இழுத்தால் பின்னால் இருப்பதெல்லாம் தள்ளிப்போகும். தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட்டில் சமநிலையில் முடிந்தால் டை-பிரேக்கர், அதாவது பெனால்டி அடிகள். அணிக்கு ஐந்து அடி. அதிலும் சமமானால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அதுதான் விறுவிறுப்பான நேரம். கோட்டுக்கு வெளியே நிற்கும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தனியார் அமைப்பு நடத்திய போட்டி. எங்களுக்குக் கடைசி ஆட்டம் போட்டிருந்தார்கள். அவர்கள் நினைத்தது நல்லதுதான்: 'தூரத்துல இருந்து வர்றாங்க, பாவம், மெதுவா வரட்டும்.' எத்தனையோ போட்டிகளில் இதே யோசனையைப் பார்த்துவிட்டேன். தூரத்து அணிக்குப் பின்னால் ஆட்டம் கொடுப்பது சலுகை என்று நினைக்கிறார்கள். எங்களால் அதிகாலையில் எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் வர முடியும். இரவில் தாமதமாகப் போகத்தான் முடியாது. உள்ளூர் அணிக்கு ஆட்டம் ஏழு மணிக்கு முடிந்தாலும் ஏழரைக்கு வீடு. அவர்களைக் கடைசியில் போட்டு எங்களை முதலில் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அன்றைக்கு இதைச் சொன்னேன். லாட் எடுத்தாச்சு மேடம், மாத்த முடியாது என்றார்கள். யார் யாரோடு மோதுவது என்று குலுக்கிப் போடுவதுதான் லாட்.

அன்றைக்கு டை-பிரேக்கர் வரை போனது. எங்கள் கோல்கீப்பர் இரண்டு அடிகளைத் தடுத்தாள், ஜெயித்தோம். உசிலம்பட்டியில் இறங்கியபோது கடைசி பஸ் போய்விட்டது. போன் போட்டு அப்பாக்கள், அண்ணன்கள் எல்லோரையும் வரச் சொன்னோம். சரக்கு ஏற்றுகிற குட்டி யானை ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் போவதாகச் சொல்லி டிரைவர் ஏறச் சொன்னார். நல்ல மனுஷர், தெரிந்தவர்தான். ஆனாலும் சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்ற நான் என்றைக்கும் சம்மதிப்பதில்லை. அது சட்டப்படி தவறு, விபத்து என்றால் இன்சூரன்ஸும் கிடைக்காது. டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தேன். ஒவ்வொரு பைக்காக வர, ஒவ்வொரு நம்பராகக் குறைந்தது. கோல்கீப்பர்தான் கடைசி. அவள் அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மா, பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அவர் டி.வி.எஸ்.-இல் பின்னால் உட்கார்ந்து வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை பூட்ஸையும் கையுறையையும் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். பள்ளிக்குச் சொந்தமான பூட்ஸ். ஸ்டட்ஸ் இடுக்கில் மண் ஒரு துளி இல்லாமல் குச்சியால் நோண்டிக் கழுவி, லேஸைத் தனியாகத் துவைத்துக் காயவைத்து மடித்திருந்தாள். வேண்டாம் என்று விடுகிற பொருளை யாரும் அப்படிக் கழுவ மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். நூறு நாள் வேலை முடித்து வந்து அந்த அம்மா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "விளையாட வேணாம்னு நான் சொல்லல டீச்சர். எம்புள்ள தடுத்தத ஊரே சொல்லுது. மேட்ச் எத்தனை மணிக்கு முடியும்னு மட்டும் சொல்லுங்க. இருட்டுறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருவீகளா?" என்றார். அந்த உறுதியை என்னால் தர முடியவில்லை. அது ஃபிக்சர், அதாவது ஆட்ட அட்டவணை, போடுகிறவர்கள் கையில் இருக்கிறது. அதன் பிறகு உசிலம்பட்டிக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டும் அந்தப் பிள்ளை வந்தாள். மதுரைக்கு அனுப்பவில்லை. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய ஆட்டங்கள் நடக்கும் ஊர்களில் திரும்பிப் போவதை எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கும்போது ஏக்கமாக இருக்கும். 2024-இல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் மேட்ச் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு அந்த வட்டாரப் பஸ்ஸும் ரயிலும் 36 மணி நேரத்துக்கு இலவசம். ஆட்ட நாள் காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் சாயங்காலம் ஆறு மணி வரை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ரசிகர் அட்டை இருந்தால் மெட்ரோ இலவசம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்குப் பக்கத்தில் கொச்சியில் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியக் கால்பந்து லீக் ஆட்டம் நடக்கும் இரவுகளில் மெட்ரோவை வழக்கமான நேரத்தைத் தாண்டி ஓட்டுகிறார்கள். ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும் என்பது அவர்கள் கணக்கில் இருக்கிறது. வருகிற கூட்டம் மூன்று மணி நேரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். போகிற கூட்டம் விசில் ஊதியதும் ஒரேயடியாகக் கிளம்பும். அதனால் போவதற்குத்தான் அதிக ஏற்பாடு வேண்டும். பணம் கொடுத்துப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த அக்கறை கிடைக்கிறது. ஆட வருகிற எங்கள் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பெண்கள் கால்பந்தில் நம் பக்கத்துக்குப் பெருமை இல்லாமல் இல்லை. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை எடுத்து வந்தது. அந்தச் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டியபோது பிள்ளைகள் கைதட்டி அடங்கவில்லை. விடுதியில் தங்கி ஆடும் பிள்ளைக்குக் கடைசி பஸ் கவலை கிடையாது. திறமையான சிலருக்கு விடுதி கிடைக்கும், கிடைக்கட்டும். வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள்தான் அதிகம். அவர்களிலிருந்துதான் அந்தச் சிலரும் வர வேண்டும்.

இப்போது நான் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுகிறேன்: எங்கள் ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்காக நாங்கள் மைதானத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம். முதலில் சிலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. கடந்த முறை ஒரு போட்டியில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எங்களுக்குக் காலை முதல் ஆட்டம் கொடுத்தார்கள். மேலூர் பக்கத்து அணி ஒன்றுக்கு அடுத்த ஆட்டம். தோற்றுத்தான் வந்தோம். நாலு மணிக்கு ஊரில் இறங்கினோம். இரண்டு நாள் கழித்து, அதுவரை மதுரைக்கு அனுப்பாத இரண்டு வீடுகளிலிருந்து சம்மதக் கடிதம் கையெழுத்தாகி வந்தது.

போட்டி நடத்துகிற நண்பர்கள் இதைப் படித்தால், நுழைவுப் படிவத்தில் பெயர், வயது, ஆதார் எண்ணுக்குக் கீழே 'ஊருக்குக் கடைசி பஸ்' என்று ஒரு கட்டம் போடுங்கள். லாட் எடுத்த பிறகு அந்தக் கட்டத்தை வைத்து ஆட்ட நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். யார் யாரோடு மோதுவது என்பதைத் தொடவே வேண்டாம். அரை மணி நேர வேலை. படிவத்தை நானே தட்டச்சு செய்து தருகிறேன்.